வெம்ப்ளியில் கோல், கையில் வேலை இல்லை

இங்கிலாந்தில் பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள பிரிவுகளில் விளையாடும் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரரின் வாழ்க்கை எப்படிப்பட்டது, நல்ல வருமானம் உண்டா, அங்கிருந்து மேலே வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

மூன்றாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மேலே வர முடியும், வந்தவர்கள் குறைவு. ஜேமி வார்டியை அவருடைய பதினாறாவது வயதில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே கழற்றிவிட்டது. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சிற்றூர் அணிக்கு வாரம் 30 பவுண்டுக்கு ஆடியவர், 2016-இல் லெஸ்டர் சிட்டியோடு பிரீமியர் லீக் பட்டமே வென்றார். ரிக்கி லாம்பர்ட்டை லிவர்பூலும் பிளாக்பூலும் அடுத்தடுத்துக் கைவிட்டன. மேக்கிள்ஸ்ஃபீல்டு டவுன் அணியோடு சம்பளமில்லாமல் பயிற்சி செய்துகொண்டே, பீட்ரூட் பதப்படுத்தும் ஆலையில் நாளுக்கு 20 பவுண்டு கூலிக்கு ஜாடிகளுக்கு மூடி திருகினார். 2013 ஆகஸ்டில், 31 வயதில், இங்கிலாந்து அணிக்காக முதன்முறையாகக் களமிறங்கியபோது, பந்தை முதல்முறை தொட்டதே தலையால் முட்டி அடித்த கோலாக அமைந்தது. எதிரணி ஸ்காட்லாந்து, இடம் லண்டனின் வெம்ப்ளி மைதானம்.

கேட்டாலே உடம்பு சிலிர்க்கும் கதைகள்தான். ஆனால் இவை உங்கள் முதல் கேள்விக்கு விடையாகா. ஆயிரக்கணக்கானோர் கீழ்ப் பிரிவுகளிலேயே பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆடி அங்கேயே ஓய்வுபெறுகிறார்கள். அவர்களுடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள நான் எப்போதும் சொல்லும் பெயர் அடெபாயோ அக்கின்ஃபென்வா. கேள்விப்பட்டிருப்பீர்கள். ஃபிஃபா வீடியோ விளையாட்டில் உடல் வலுவுக்கான மதிப்பெண்ணில் பல ஆண்டுகள் உலகிலேயே முதலிடத்தில் இருந்தவர். நூறு கிலோவைத் தாண்டிய உடம்போடு தொழில்முறைக் கால்பந்து ஆடியவர். அதனாலேயே பலர் அவரை ஒரு வேடிக்கைப் பொருளாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு பத்தாண்டுகள், பதின்மூன்று அணிகள், இருநூறுக்கும் மேற்பட்ட கோல்கள் என்று ஒரு தொழிலை நடத்தி முடித்த மனிதர் அவர். கீழ்ப் பிரிவு வாழ்க்கையில் ஒருவருக்கு நேரக்கூடிய ஏறத்தாழ எல்லாமே அவருக்கு நேர்ந்திருக்கிறது.

முதலில் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உச்சியில் 20 அணிகளுடன் பிரீமியர் லீக். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று பிரிவுகள், பிரிவுக்கு 24 அணிகள், ஆக 72. இந்த 92 அணிகளுக்குக் கீழே நேஷனல் லீக். அங்கேயும் முழுநேரத் தொழில்முறை அணிகள் பல உண்டு. பருவத்தின் முடிவில் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் எல்லாப் படிகளிலும் உண்டு. இந்த மூன்று பிரிவுகளில் ஓர் அணிக்கு லீக் ஆட்டம் மட்டும் 46. கோப்பைப் போட்டிகள் தனி. சனிக்கிழமை மாலை மூன்று மணி ஆட்டம் முடிந்த கையோடு செவ்வாய் இரவு ஆட்டத்துக்குப் பயணம். தென்மேற்கு மூலையில் இருக்கும் பிளிமத்தும் ஸ்காட்லாந்து எல்லையோரம் இருக்கும் கார்லைலும் ஒரே பிரிவில் இருந்த ஆண்டுகள் உண்டு. அந்த ஆட்டத்துக்கு நாடு முழுவதையும் குறுக்கே பஸ்ஸில் கடந்து, நள்ளிரவு தாண்டி வீடு திரும்ப வேண்டும்.

வருமானம் பற்றிக் கேட்டீர்கள். ஒவ்வொருவரின் சம்பளமும் வெளியே தெரிவதில்லை என்றாலும், கணக்கிட ஒரு நல்ல வழி இருக்கிறது. கொரோனா முடக்கத்தை அடுத்து 2020 ஆகஸ்டில் லீக் ஒன், லீக் டூ கிளப்புகள் ஆட்டக்காரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு விதித்தன. லீக் ஒன்னுக்கு ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு, லீக் டூவுக்கு 15 லட்சம். ஆட்டக்காரர் சங்கம் நடுவர் மன்றத்துக்குப் போய், அடுத்த பிப்ரவரியில் அந்த வரம்பு ரத்தானது; அது வேறு கதை. 15 லட்சத்தை 24 பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு வாரம் 1,200 பவுண்டு வருகிறது. உண்மையில் சமமாகப் பிரிப்பதில்லை. பேர்பெற்ற முன்கள ஆட்டக்காரருக்கு இதைப்போல் இரு மடங்கு கிடைக்கலாம். பதினெட்டு வயதில் முதல் ஒப்பந்தம் பெறும் பையனுக்கு இதில் கால்வாசிகூடக் கிடைக்காமல் போகலாம். சாதாரண இங்கிலாந்துக்காரரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் லீக் டூ ஆட்டக்காரரின் வருமானம் மோசமில்லை. ஆனால் அது முப்பத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடும் வருமானம். அதைவிட முக்கியமான விஷயம், அடுத்த ஜூலையில் அது தொடருமா என்பது ஆட்டக்காரருக்கே தெரியாது.

என் கணிப்பில் இந்தத் தொழிலின் மையமே இதுதான். கீழ்ப் பிரிவு ஆட்டக்காரர் ஒருவரை அறிந்துகொள்ள அவர் அடித்த கோல்களை எண்ணுவதைவிட அவருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று பார்ப்பது நல்லது. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-இல் முடிகின்றன. லீக் ஆட்டங்கள் மே முதல் வாரத்தில் முடிந்துவிடும். மே மாதத்திலேயே ஒவ்வொரு கிளப்பும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுவிக்கிறோம் என்று பட்டியல் வெளியிடும். ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஆண்டுதோறும் வரும் தேர்வு முடிவு அது. வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளி, மனைவியின் வேலை எல்லாம் அந்தப் பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் ஆட்டக்காரருக்கு வாரம் 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கவே கூடாது என்று விதி இருந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எச்சரித்து அதை உடைத்தது. ஆனாலும் ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரை வேறு அணிக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கும் உரிமை கிளப்பிடம் இருந்தது. நியூகாஸில் யுனைடெட்டை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில், 1963-இல், அந்தப் பிடி நியாயமற்றது என்று நீதிமன்றம் சொன்னது. 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தந்த தீர்ப்பு மிச்சத்தையும் அறுத்தது. ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டக்காரர் கட்டணமின்றி எங்கும் போகலாம். உச்சியில் இருப்பவர்களுக்கு இந்தச் சுதந்திரம் கோடிகளாக மாறியது. கீழே இருப்பவர்களுக்கு? கிளப்பும் அதே அளவு சுதந்திரமாகிவிட்டது. விற்றால் பணம் வரும் என்ற உறுதி இல்லாத ஆட்டக்காரருக்கு எதற்கு மூன்றாண்டு ஒப்பந்தம் என்று அது யோசிக்கத் தொடங்கியது.

அதோடு சேர்ந்தது 2002-ஆம் ஆண்டின் இடி. கீழ்ப் பிரிவு ஆட்டங்களை ஒளிபரப்ப மூன்றாண்டுகளுக்கு 31.5 கோடி பவுண்டு தருவதாக ஐடிவி டிஜிட்டல் நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. கிளப்புகள் அந்தப் பணத்தை நம்பிச் சம்பளத்தை உயர்த்திவிட்டன. நிறுவனம் பாதி வழியில் சாய்ந்தது. அந்தக் கோடையில் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் வேலையிழந்தார்கள். எஞ்சியவர்களுக்குச் சம்பளமும் குறைந்தது, ஒப்பந்தக் காலமும் குறைந்தது.

அக்கின்ஃபென்வா இங்கிலாந்தில் வேலை தேடத் தொடங்கியது இந்த நொடிந்த சந்தையில்தான்.

அவர் 1982 மே 10 அன்று லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில், நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயது முதல் லிவர்பூல் ரசிகர். ஜான் பார்ன்ஸ் அவருடைய நாயகன். இளைஞர் அணி எதிலும் நிலைக்க முடியாமல், பதினெட்டு வயதில் ஏஜென்ட் ஒருவரின் தொடர்பால் லிதுவேனியா போனார். கிளைபேடா துறைமுக நகரத்தின் அட்லாண்டஸ் அணி. அங்கே அரங்கிலிருந்து அவர் தோலின் நிறத்தைச் சொல்லிக் கூட்டமாகக் கத்தினார்கள். திரும்பி வந்துவிடலாமா என்று வீட்டுக்குப் போன் செய்ததைப் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். வரவில்லை. இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். பதினெட்டு வயதுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய தனிமை என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. அவரிடம் பின்னாளில் எல்லோரும் கண்ட அந்தக் கலகலப்புக்கு அடியில் இந்த இரண்டாண்டுகள் இருக்கின்றன.

2003-இல் திரும்பி வந்து வேல்ஸின் பேரி டவுனில் சேர்ந்தார். அந்த அணி பட்டம் வென்ற சில மாதங்களிலேயே பணமில்லாமல் சரிந்து, ஆட்டக்காரர்களைக் கலைத்துவிட்டது. அடுத்து வந்த 2003-04 பருவத்தைப் பாருங்கள். பாஸ்டன் யுனைடெட், லேட்டன் ஓரியன்ட், ரஷ்டன் அண்டு டயமண்ட்ஸ், டான்காஸ்டர் ரோவர்ஸ். ஒரே பருவத்தில் நான்கு அணிகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆடிய ஆட்டங்களே சொற்பம். ஒரு மாத ஒப்பந்தம், தேவைப்பட்டால் நீட்டிப்பு, இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர். கீழ்ப் பிரிவில் இருபத்தொரு வயதில் பெயரில்லாத முன்கள ஆட்டக்காரர் எப்படிப் பிழைக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2004-இல் டார்கே யுனைடெட் முழுப் பருவத்துக்கு வாய்ப்பு தந்தது. அணி கீழிறங்கியது, ஆனால் அவர் லீக்கில் 14 கோல் அடித்திருந்தார். அந்த எண்ணிக்கை அவரை ஸ்வான்சீக்குக் கூட்டிப்போனது. ஸ்வான்சீ 2005 ஆகஸ்டில் புதிய லிபர்ட்டி மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே நடந்த முதல் லீக் ஆட்டத்தின் ஒரே கோலை, டிரான்மியருக்கு எதிராக, அடித்தவர் இவர்தான். 2006 ஏப்ரலில் கார்டிஃபில் நடந்த ஃபுட்பால் லீக் டிராஃபி இறுதியாட்டத்தில் கார்லைலுக்கு எதிரான வெற்றி கோலும் இவருடையது. அடுத்த மாதம் அதே மைதானத்தில், லீக் ஒன்னிலிருந்து மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதியாட்டம், எதிரணி பார்ன்ஸ்லி. 2-2 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. மாற்று ஆட்டக்காரராக வந்த அக்கின்ஃபென்வா உதைத்த பெனால்டி கோல் கம்பத்துக்கு மேலே பறந்தது. ஸ்வான்சீ தோற்றது. சாம்பியன்ஷிப்பில் ஆட அவர் மேலும் பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

2007-இல் கால் முறிந்தது. அந்தப் பருவத்தோடு ஸ்வான்சீயை விட்டு விலகினார். ஸ்விண்டன் டவுனில் சேரும் பேச்சு, மருத்துவப் பரிசோதனையில் தேறாததால் நின்றுபோனது. ஆகஸ்டில் பருவம் தொடங்கியது. அவரிடம் அணி இல்லை. செப்டம்பர், அக்டோபர் கடந்தன. நவம்பரில் மில்வால் குறுகிய ஒப்பந்தம் தந்தது. ஏழு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. வயது 25. இந்த இடத்தில்தான் எத்தனையோ பேருடைய தொழில் சத்தமில்லாமல் முடிகிறது. கால்முறிவு என்பது பிரீமியர் லீக் ஆட்டக்காரருக்கு ஆறேழு மாத ஓய்வு. ஒப்பந்தத்தின் கடைசி மாதங்களில் இருக்கும் கீழ்ப் பிரிவு ஆட்டக்காரருக்கு அது வேலைநீக்கக் கடிதம். கிளப் மருத்துவர், தனி உடற்பயிற்சியாளர் என்று பார்த்துக்கொள்ள ஆளிருப்பது ஒப்பந்தம் இருக்கும்வரைதான். அது முடிந்தால் பூங்காவில் தனியாக ஓடி உடம்பைத் தேற்ற வேண்டும். சங்கம் சிகிச்சைக்கு உதவும்; ஆட ஓர் அணியை அது தர முடியாது.

2008 ஜனவரியில் நார்தாம்டன் டவுன் அவரைச் சேர்த்துக்கொண்டது. கோல்கள் திரும்பி வந்தன. அதன் பிறகு அவர் பாதை நார்தாம்டன், ஜில்லிங்கம், மறுபடி நார்தாம்டன், மறுபடி ஜில்லிங்கம், விம்பிள்டன், வைக்கம் என்று போகிறது. இந்த வரிசையை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். எல்லாமே லண்டனிலிருந்து காரில் போய்வரக்கூடிய ஊர்கள். கீழ்ப் பிரிவில் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களை அடுக்கி வாழ்பவருக்கு இது பெரிய விஷயம். ஒவ்வொரு முறையும் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போனால் மிஞ்சும் சம்பளமும் மிஞ்சாது. ஒரே அணியில் வேரூன்றியவர்களும் உண்டு. ஸ்விண்டனுக்கு ஜான் ட்ராலப் 770 லீக் ஆட்டங்கள் ஆடினார். அந்தச் சாதனையைப் பிறகு எம்கே டான்ஸ் அணியின் டீன் லூயிங்டன் கடந்தார். அவர்கள் விதிவிலக்குகள். பழைய அணி மறுபடி கூப்பிடுகிறது என்பதே கீழ்ப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் பெரிய நற்சான்று. நார்தாம்டனும் ஜில்லிங்கமும் அக்கின்ஃபென்வாவைத் தலா இரண்டு முறை கூப்பிட்டன.

அவருடைய ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் குறைவாகப் பேசுகிறார்கள். வேகம் கிடையாது. பந்தைத் தொடர்ந்து ஓடி எதிரணியை விரட்டும் ஆட்டமும் இல்லை. கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். பின்னாலிருந்து நீண்ட உதை காற்றில் வரும்போது, பந்தைப் பார்ப்பதற்கு முன்பே இடுப்பை ஒரு சாய்வாகத் திருப்பித் தற்காப்பு ஆட்டக்காரரின் மேல் பாரத்தை ஏற்றிவிடுவார். அந்த ஆள் முன்னால் வரவும் முடியாது, தாவவும் முடியாது. பந்து நெஞ்சில் பட்டு இறங்கும். ஒரே தட்டில் ஓடிவரும் சக ஆட்டக்காரரின் காலுக்குப் போய்விடும். அந்த முதல் தொடுகையின் மென்மை அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து வருவதை நம்பவே முடியாது. ஓர் அணி 1-0 என்று முன்னிலையில் இருந்து கடைசி இருபது நிமிடங்களைக் கடத்த வேண்டுமென்றால் இவரை இறக்குவார்கள். கார்னர் கொடி அருகே பந்தை வைத்துக்கொண்டு நிற்கும் இவரை இரண்டு பேர் சேர்ந்தும் நகர்த்த முடியாது. கால்பந்துக்கு நீ அளவுக்கு மீறிப் பெரியவன் என்று தொழில் முழுக்கக் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். நாற்பது வயதுவரை தொழில்முறை ஆட்டம் ஆடிய உடம்பு அது.

2014-இல் ஏஎஃப்சி விம்பிள்டனில் சேர்ந்தார். இந்த கிளப்பைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம். பழைய விம்பிள்டன் அணியை அதன் உரிமையாளர்கள் மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோக 2002-இல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் தாங்களே புதிய கிளப் தொடங்கி, ஒன்பதாவது படியிலிருந்து ஏறிவந்தார்கள். மேலே சொன்ன எம்கே டான்ஸ் என்பது அப்படிக் கொண்டுபோகப்பட்ட அணிதான்.

2015 ஜனவரி 5 அன்று, எல்லாப் பிரிவு அணிகளும் மோதும் எஃப்ஏ கோப்பையில் விம்பிள்டனின் சிறிய கிங்ஸ்மெடோ மைதானத்துக்கு லிவர்பூல் வந்தது. ஸ்டீவன் ஜெரார்டு அந்தப் பருவத்தோடு லிவர்பூலை விட்டுப் போவதாக அறிவித்திருந்த நேரம். ஜெரார்டு முதல் கோல் அடித்தார். பிறகு ஒரு கார்னர் உதையில், கோல்கீப்பர் மின்யோலே பந்தைத் தவறவிட, கோட்டருகே நின்ற அக்கின்ஃபென்வா உள்ளே தள்ளினார். சிறுவயதிலிருந்து நேசித்த அணிக்கு எதிராக அடித்த கோல். இரண்டாம் பாதியில் ஜெரார்டு மறுபடி அடித்து லிவர்பூல் 2-1 என்று வென்றது. ஜெரார்டின் சட்டையை வேறு யாரும் கேட்கக் கூடாது என்று சக ஆட்டக்காரர்களை முன்கூட்டியே எச்சரித்திருந்த அக்கின்ஃபென்வா, சொன்னபடி அதை வாங்கிக்கொண்டார்.

2016 மே 30. லீக் டூ பிளே-ஆஃப் இறுதியாட்டம், வெம்ப்ளி, எதிரணி பிளிமத். இந்த ஆட்டங்களின் பாரம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிவது கடினம். லீக் டூவில் முதல் மூன்று அணிகள் நேராக மேலே போகும். நான்கிலிருந்து ஏழு வரை வந்தவர்கள் ஒரே ஓர் இடத்துக்கு மோதுவார்கள். ஒன்பது மாத உழைப்பு தொண்ணூறு நிமிடத்தில் அடங்கிவிடும். லைல் டெய்லர் அடித்த கோலால் விம்பிள்டன் முன்னிலை பெற்றது. மாற்று ஆட்டக்காரராக வந்த அக்கின்ஃபென்வாவுக்கு, தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் சேர்த்த நேரத்தில் பெனால்டி கிடைத்தது. யார் உதைப்பது என்று சக ஆட்டக்காரரோடு பந்துக்கு இழுபறி நடந்தது. அவர் விடவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் கார்டிஃபில் மேலே பறந்த உதை அவர் மனத்தில் இருந்ததா என்று தெரியாது. என் மனத்தில் இருந்தது. இம்முறை பந்து வலைக்குள் போனது. 2-0.

ஆட்டம் முடிந்ததும் தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிப் பாடிக்கொண்டிருக்க, சரியாகச் சொன்னால் தனக்கு இப்போது வேலை இல்லை என்றும், மேலாளர்கள் யாராவது இருந்தால் வாட்ஸ்அப்பில் தொடர்புகொண்டு வேலை தரட்டும் என்றும் சொன்னார். நாடே சிரித்தது. நானும் அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. ஒப்பந்தம் முடிகிறது, கிளப்பை விட்டுப் போகிறார், வயது 34. தன்னுடைய அணியை மேலே ஏற்றிவிட்ட ஆட்டக்காரர், அந்த வெற்றி மேடையிலேயே, நேரலையில், வேலை கேட்டார். உங்கள் முதல் கேள்விக்கு ஒரே காட்சியில் பதில் வேண்டுமென்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

வேலை கிடைத்தது. வைக்கம் வாண்டரர்ஸ் மேலாளர் கேரத் ஐன்ஸ்வொர்த், தானும் கீழ்ப் பிரிவுகளில் நாற்பதை ஒட்டிய வயதுவரை ஆடியவர், அவரைச் சேர்த்துக்கொண்டார். 2014-இல் கடைசி நாளில் கோல் வித்தியாசத்தால் மட்டும் லீக் டூவிலேயே தப்பிப் பிழைத்த கிளப் அது. 2017-18 பருவத்தில் அக்கின்ஃபென்வா லீக்கில் 17 கோல் அடித்தார். வைக்கம் லீக் ஒன்னுக்கு ஏறியது. ஆட்டக்காரர் சங்கம் தேர்ந்தெடுத்த அந்த ஆண்டின் லீக் டூ சிறந்த பதினொருவரில் அவரும் ஒருவர். அப்போது 36 வயதை எட்டவிருந்தார்.

2020 மார்ச்சில் கொரோனாவால் லீக் ஒன் நின்றபோது வைக்கம் எட்டாம் இடத்தில் இருந்தது. ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற சராசரியில் பட்டியலை முடித்தபோது மூன்றாம் இடத்துக்கு வந்து பிளே-ஆஃப் வாய்ப்பு பெற்றது. பருவத் தொடக்கத்தில் கீழிறங்கும் என்று பலர் கணித்த அணி. ஜூலை 13 அன்று ஆளில்லாத வெம்ப்ளியில் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டை 2-1 என்று வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகச் சாம்பியன்ஷிப்புக்குள் நுழைந்தது. இம்முறை மைக் நீட்டப்பட்டபோது, தனக்கு வாட்ஸ்அப் அனுப்பத் தகுதியுள்ள ஒரே ஆள் லிவர்பூல் மேலாளர் யூர்கன் க்ளாப்தான் என்றார் அக்கின்ஃபென்வா. க்ளாப் உண்மையிலேயே வாழ்த்து வீடியோ அனுப்பினார். 38 வயதில் இரண்டாம் பிரிவில் ஆடக் கிடைத்தது. ஒரே ஒரு புள்ளி குறைவால் வைக்கம் அடுத்த ஆண்டே கீழிறங்கியது. 2022 மே 21 அன்று லீக் ஒன் பிளே-ஆஃப் இறுதியாட்டத்தில் சண்டர்லாந்திடம் 2-0 என்று தோற்ற ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியதே அவருடைய கடைசி ஆட்டம். பதினோரு நாளுக்கு முன்புதான் நாற்பது வயது நிறைந்திருந்தது.

அவரிடம் மற்றவர்களுக்கு இல்லாத ஒன்று இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீடியோ விளையாட்டால் வந்த புகழை விடாமல் பிடித்துக்கொண்டார். தன் பட்டப்பெயரில் துணி வணிகம் தொடங்கினார், விளம்பரங்களில் வந்தார். சம்பளம் நின்றாலும் வீடு நடக்கும் நிலையை ஆடிக்கொண்டிருக்கும்போதே ஏற்படுத்திக்கொண்டார். இதைப் பகட்டு என்று குறை சொன்னவர்களும் உண்டு. ஓராண்டு ஒப்பந்தத்தில் வாழ்பவர் வேறு என்ன செய்ய வேண்டும் என்று அவர்களைக் கேட்கத் தோன்றுகிறது.

ஏனென்றால் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் சில சமயம் காப்பாற்றாது. பெரி கிளப் 2019 வசந்தத்தில் லீக் டூவில் இரண்டாம் இடம் பெற்று மேலே ஏறியது. அதைச் சாதித்த ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி. ஆகஸ்ட் 27 அன்று, லீக் ஒன்னில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே, அந்த கிளப் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. பருவம் தொடங்கி மற்ற அணிகள் எல்லாம் ஆளெடுத்து முடித்திருந்த நேரம். லாம்பர்ட்டுக்கு இரண்டாம் வாழ்வு தந்த மேக்கிள்ஸ்ஃபீல்டு டவுனிலும் அதே பருவத்தில் சம்பளம் பலமுறை தாமதமானது. 2019 நவம்பரில் எஃப்ஏ கோப்பை ஆட்டத்துக்கு மூத்த ஆட்டக்காரர்கள் இறங்க மறுக்க, இளைஞர் அணியை அனுப்பி, தங்களைவிடப் பல படிகள் கீழே இருந்த கிங்ஸ்டோனியனிடம் 4-0 என்று தோற்றார்கள். 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த கிளப்பை மூட உத்தரவிட்டது.

ஆட்டம் முடிந்த பிறகு என்ன செய்வார்கள் என்பதையும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். பயிற்சியாளராவது எல்லோரும் விரும்பும் வழி; இடங்கள் குறைவு. நாம் அதிகம் கேள்விப்படாத வழி படிப்பு. ஆட்டக்காரர் சங்கம் 1907-இல் தொடங்கப்பட்டது. உறுப்பினர்களின் கல்விக்கு அது பணம் தருகிறது. மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயன்முறை மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற முன்னாள் ஆட்டக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். லீக் டூ ஆட்டத்தில் ஒருவர் அடிபட்டு விழும்போது பையோடு ஓடிவருபவர், சில ஆண்டுகளுக்கு முன் அதே பிரிவில் ஆடி, ஒரு மே மாதப் பட்டியலில் விடுவிக்கப்பட்டவராக இருக்கலாம்.